கேப்ட்சா: தடுப்பது யாரை?

அரசு இணையப் படிவங்களில் சர்வரே அந்தந்த நொடியில் வரைந்து காட்டும் கேப்ட்சா படங்களுக்கு ஆதரவாக இப்போது ஒரு வாதம் வலுத்துவருகிறது. கூகுளின் ரீகேப்ட்சாவைச் சேர்த்தால் பயனரைப் பற்றிய தகவல் வெளிநாட்டு நிறுவனத்துக்குப் போகும். படத்தைச் சொந்த சர்வரில் உருவாக்கினால் அந்தக் கவலை இல்லை என்கிறார்கள். இது சரியான வாதம்தான். செலவும் குறைவு. தற்செயலாகச் சில எழுத்துகளைத் தேர்ந்து, அவற்றை வளைத்து, கோடும் புள்ளியும் தூவி அனுப்பச் சில பத்து வரி நிரல் போதும். கைக்குக் கிடைத்த நிரலை ஓட்டிப் பார்க்கும் சில்லறை விஷமிகளை அது நிறுத்தவும் செய்கிறது. ஆனால் படம் யாருடைய சர்வரில் பிறக்கிறது என்பதைவிட, அது யாரை உள்ளே விடுகிறது, யாரை வெளியே நிறுத்துகிறது என்பதே முக்கியமான கேள்வி.

இயந்திரத்தை அது நிறுத்துவதில்லை. 2000-இல் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் இந்த முறைக்குப் பெயர் வைத்தபோது, கோணலான எழுத்தை மனிதர் படிப்பார், கணினி படிக்காது என்ற கணிப்பு நியாயமாக இருந்தது. 2014-இல் கூகுளின் ஆய்வாளர்களே, தங்கள் மிகக் கடினமான எழுத்துப் படங்களைத் தங்கள் நிரல் 99.8 சதவீதம் சரியாகப் படிப்பதாக அறிவித்தார்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்திலிருந்து 2023-இல் வெளியான ஆய்விலோ, இத்தகைய படங்களை மனிதர்கள் சரியாகப் படித்தது 50 முதல் 84 சதவீதம்தான். தேர்வில் இயந்திரம் தேறுகிறது, மனிதர் தோற்கிறார். மிச்சமிருக்கும் சில்லறைப் பயனுக்காக யார் என்ன விலை கொடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையை எடுத்துக்கொள்வோம். கர்நாடகத்தில் அத்திப்பள்ளி, பொம்மசந்திரா பக்கம் காண்ட்ராக்டில் வேலை பார்த்துவிட்டு, எல்லை தாண்டி இங்கே சேரும் தொழிலாளிக்கு வருங்கால வைப்பு நிதிக்கான (பி.எஃப்.) யூஏஎன் எண் ஒன்றுதான். ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி மெம்பர் ஐடி வேறு. பழைய கணக்கில் உள்ள பி.எஃப். பணத்தைப் புதியதற்கு மாற்றவும், காண்ட்ராக்டர் மாதாமாதம் பணம் கட்டுகிறாரா என்று பாஸ்புக்கில் பார்க்கவும் அவர் வருங்கால வைப்பு நிதி நிறுவனத்தின் தளத்துக்குள் போயாக வேண்டும். வாசலிலேயே படம். தமிழோ தெலுங்கோ கன்னடமோ ஒடியாவோ சரளமாகப் படிப்பவருக்கும் அங்கே ஆங்கில எழுத்தில்தான் தேர்வு. அதுவும் பள்ளிப் புத்தகத்தில் பார்த்த எழுத்து அல்ல. வட்டமாக இருப்பது ‘ஓ’வா பூஜ்யமா, நெட்டாக நிற்பது ‘ஐ’யா ‘எல்’லா ஒன்றா என்பது உள்ளங்கை அகலத் திரையில் தெரியாது. பெரிய எழுத்தா சிறிய எழுத்தா என்ற குழப்பம் வேறு. தப்பாக அடித்தால் புதுப் படம் வரும். சில படிவங்களில் அதுவரை நிரப்பியதெல்லாம் அழிந்துபோகும்.

கடவுச்சொல்லும் ஆங்கில எழுத்தில்தானே இருக்கிறது, அதை அடிப்பவருக்கு இதில் என்ன கஷ்டம் என்று கேட்பார்கள். கடவுச்சொல் மாறாதது. ஒருமுறை யாராவது சொல்லிக்கொடுத்தால் விரல் பழகிவிடும், செல்போனும் நினைவில் வைத்துக்கொள்ளும். படமோ ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிறக்கிறது. பழகுவதற்கு இடமே கொடுப்பதில்லை. உடனுக்குடன் உருவாக்குவதுதான் இந்த முறையின் பலம் என்று எதைச் சொல்கிறார்களோ, எழுத்தைப் பழக்கத்தால் அடையாளம் காணும் மனிதரை அதுவே வெளியே தள்ளுகிறது. அவர் போகுமிடம் பிரவுசிங் சென்டர். யூஏஎன், கடவுச்சொல், ஆதார் எண் எல்லாம் எழுதிய துண்டுச்சீட்டு முன்பின் தெரியாத ஒருவர் கைக்குப் போகிறது. செல்போனுக்கு வரும் ஓடிபியும் வாய்விட்டுச் சொல்லப்படுகிறது. இவற்றை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று எச்சரிப்பதும் அதே வருங்கால வைப்பு நிதி நிறுவனம்தான். கணக்கைக் காப்பதற்கு என்று வைத்த படமே சாவியை அடுத்தவரிடம் கொடுக்க வைக்கிறது. இதைச் சிறு அசௌகரியம் என்று தள்ளிவிட என்னால் முடியாது. பாதுகாப்பு ஏற்பாடு என்ற முறையிலேயே இது தோல்வி.

பார்வையற்றோர் நிலை இதைவிட மோசம். திரைவாசிப்பான் படத்தைப் படிக்காது. ஒலி வடிவம் தரும் தளங்களிலும் பெரும்பாலும் கேட்பது இரைச்சலுக்கு நடுவே ஆங்கிலம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மின்னணுச் சேவைகள் அணுகத்தக்கவையாக இருக்க வேண்டும் என்கிறது. 2025 ஏப்ரல் 30-இல் உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் அணுகல் வாழும் உரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. அதன் பிறகும் வளைந்த எழுத்தை வாசலில் வைத்திருப்பதற்குச் சொந்த சர்வர் என்பது பதிலாகாது.

படத்தை எடுத்துவிட்டால் கடவுச்சொல்லை ஊகித்து ஊகித்துத் தாக்குவார்களே என்பது மறுக்க முடியாத கவலை. அதற்கு வேறு வழிகள் உண்டு. ஒரே கணக்கில் சில முறை தவறினால் சற்று நேரம் பூட்டலாம். ஒரே இணைய முகவரியிலிருந்து வரும் கோரிக்கைகளுக்கு வரம்பு வைக்கலாம். மனிதர் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டத்தைப் படிவத்தில் வைத்து, அதை நிரப்புகிற நிரலை ஒதுக்கலாம். பணம் கேட்டு விண்ணப்பிக்கும் இடத்தில் ஆதார் ஓடிபி ஏற்கெனவே காவல் நிற்கிறது. படம் வேண்டியே தீரும் என்றால், தவறு பலமுறை நடந்த பிறகு மட்டும், எல்லா மொழிக்காரருக்கும் தெரிந்த எண்களில் காட்டட்டும். படிக்க முடியாதவருக்கு ஓடிபி வழி திறந்திருக்கட்டும். பாஸ்புக் பக்கத்திலிருந்தே இதைத் தொடங்கலாம். அங்கே பணம் நகர்வதில்லை; தன் பெயரில் கட்டப்பட்ட தொகையைத்தான் தொழிலாளி பார்க்கிறார்.