சுத்தம் யாருடையது?
எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ் குழுவின் முதல் இசைத்தட்டு

முதல் தடவை இந்தப் பாட்டுகளைப் போட்டபோது கூட இருந்த தோழி காதைப் பொத்திக்கிட்டா. "யாரு இந்தப் பொம்பள, இப்படிக் கத்துறா?" ன்னா. கத்தல்தான், மறுக்கவில்லை. ஆனால் கத்துவது யார், எங்கே நின்று கத்துகிறார் என்பதை விட்டுவிட்டு இந்தக் கத்தலைப் பற்றிப் பேச முடியாது.

பங்க் இசையை வெள்ளைக்காரப் பையன்களின் கலகமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். செக்ஸ் பிஸ்டல்ஸ், கிளாஷ் என்று இரண்டு பெயரோடு பலருக்கு வரலாறு முடிந்துபோகிறது. அந்தக் கலகக்காரர்களில் சிலர் அதிர்ச்சிக்காக நாஜி ஸ்வஸ்திகாவை மாட்டிக்கொண்டு திரிந்த காலம் அது. தெருவில் நேஷனல் ஃப்ரண்ட் என்ற இனவெறிக் கட்சி ஊர்வலம் போனது. 1977 ஆகஸ்டில் லூயிஷமில் கறுப்பின மக்களும் இடதுசாரிகளும் அதை மறித்து நின்றார்கள். அந்த லண்டனில்தான் பாலி ஸ்டைரீன் பாட வந்தார்.

இயற்பெயர் மரியான் ஜோன் எலியட்-சயித். பிறந்தது 1957. அப்பா சோமாலியர், அம்மா வெள்ளைக்காரர். அம்மாவின் கையில் பிரிக்ஸ்டனில் வளர்ந்தார். வெள்ளையிலும் சேர்க்க மாட்டான், கறுப்பிலும் முழுசாச் சேர்க்க மாட்டான். 1976 ஜூலை 3, தன் 19ஆவது பிறந்த நாளில், ஹேஸ்டிங்ஸ் ஊரில் செக்ஸ் பிஸ்டல்ஸ் கச்சேரியைப் பார்த்தார். பிறகு பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து ஆள் சேர்த்தார். தொலைபேசிப் புத்தகத்தின் மஞ்சள் பக்கங்களைப் புரட்டி எடுத்துக்கொண்ட பெயர்தான் பாலி ஸ்டைரீன், மலிவான பிளாஸ்டிக்கின் பெயர். பல்லில் கம்பி கட்டியபடியே மேடையேறினார். தன்னைக் கவர்ச்சிப் பொம்மையாக்கப் பார்த்தால் மொட்டை அடித்துக்கொள்வேன் என்று சொல்லியிருந்தவர், 1978இல் அடித்தும் கொண்டார். அந்த ஏப்ரல் 30 அன்று விக்டோரியா பூங்காவில் நடந்த இனவெறி எதிர்ப்புக் கச்சேரியில் தலையில் துணி கட்டிக்கொண்டு பாடினார்.

முதல் சிறுதட்டு 'ஓ பாண்டேஜ் அப் யுவர்ஸ்' 1977இல் வந்தது. அதில் சாக்ஸபோன் ஊதியவர் லோரா லாஜிக், பதின்வயதுப் பெண். பங்க் குழுவில் சாக்ஸபோன் என்பதே அன்று ஊரில் இல்லாத வழக்கம். பாட்டுக்குப் பக்கவாத்தியமாக அது ஒதுங்கி நிற்கவில்லை. பாடுகிறவரோடு சரிக்குச் சரி வாயாடுகிற இன்னொரு பெண்குரல் அது. ஆனால் 1978 நவம்பரில் 'ஜெர்ம்ஃப்ரீ அடோலசென்ட்ஸ்' என்ற பெருந்தட்டு வந்தபோது லோரா குழுவில் இல்லை. அவர் கட்டிய மெட்டுகளை ரூடி தாம்சன் என்ற ஆண் ஊதுகிறார். பெண்ணின் கலகம் என்று நாம் கொண்டாடுகிற தட்டிலேயே ஒரு பெண்ணின் உழைப்பு பெயரில்லாமல் கிடக்கிறது. இதைச் சொல்லாமல் கடந்து போக எனக்கு மனசு வரவில்லை. பிரிட்டனில் வந்த மூலத்தட்டில் அந்த முதல் சிறுதட்டுப் பாட்டும் இல்லை.

தட்டின் பெயருக்குக் கிருமியில்லாத இளசுகள் என்று பொருள் சொல்லலாம். அட்டையில் குழுவினர் பெரிய சோதனைக் குழாய்களுக்குள் நிற்கிறார்கள். உலகின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை பிறந்த வருஷம் அது. தலைப்புப் பாட்டில் வேகமே இல்லை. ரெகே போல மெதுவாக நகர்கிறது. ஒரு பெண் தன்னைக் கழுவுகிறாள், மறுபடி மறுபடி கழுவுகிறாள். தொட்டால் ஒட்டிக்குமோ என்று பயப்படுகிற காதல். சுத்தம் என்ற சொல்லைக் கேட்டதும் நமக்குக் காது விடைத்துக்கொள்கிறது, இல்லையா? தீட்டுக் கற்பித்தவன் மொழி அது. பாலி அதை மேலே நின்று கண்டிக்கவில்லை. அந்தக் குளியலறைக்குள்ளேயே நின்று, கிட்டத்தட்ட இரக்கத்தோடு பாடுகிறார். சுத்தக்காரர்களின் உலகத்தில் எந்தக் கட்டத்துக்குள்ளும் அடங்காத உடம்பு, சுத்தத்தின் நோயைப் பாடுகிறது. இதைப் பிளாஸ்டிக் யுகத்தின் வேடிக்கைப் பாட்டு என்று மட்டும் வாசிப்பது, அவர் தோலைப் பார்க்காமல் சட்டையின் கலரை மட்டும் பார்ப்பதுதான்.

குறையும் உண்டு. சிறுதட்டின் முரட்டுத்தனத்தைப் பெருந்தட்டில் கொஞ்சம் இழைத்துவிட்டார்கள். நடுவில் சில பாட்டுகள் ஒன்றுபோலவே ஓடுகின்றன. 'ஐ லிவ் ஆஃப் யூ' அப்படியல்ல. ஒருவரை ஒருவர் தின்று பிழைக்கும் சங்கிலியை இரண்டே நிமிஷ அளவில் சொல்லி முடிக்கிறது.

விற்பனை மோசமில்லை. பிரிட்டன் பட்டியலில் தட்டு 30ஆம் இடம், தலைப்புப் பாட்டு 19ஆம் இடம். அமெரிக்காவிலோ 1990களின் தொடக்கம் வரை தட்டு வெளியாகவே இல்லை. சரக்காக்கப்படும் மனுஷியைப் பாடியவரையே சந்தை சரக்காக்கியது. 1978இல் பயணக் கச்சேரிகளுக்கிடையில் மனம் நொடிந்து மருத்துவமனைக்குப் போனார். மனச்சிதைவு என்று முத்திரை குத்தினார்கள். இருமுனைக் கோளாறு என்று கண்டுபிடிக்கப் பல வருஷம் பிடித்தது. 1979இல் குழு கலைந்தது. 1990களின் 'ரயட் கேர்ல்' பெண்கள் அவரை முன்னோடி என்றார்கள், நல்லது. ஆனால் 'ராக் இசைப் பெண்கள்' என்ற பட்டியலில் ஏற்றும்போது சோமாலிய அப்பா அடிக்குறிப்புக்குப் போய்விட்டார். 2011இல் பாலி இறந்தார். 2021இல் மகள் செலஸ்ட் பெல், பால் சங்கோடு சேர்ந்து இயக்கிய ஆவணப்படம்தான் நிறத்தையும் நோயையும் தாய்மையையும் ஒன்றாக வைத்துப் பேசியது.

தோழி இப்போதெல்லாம் தலைப்புப் பாட்டை மட்டும் திரும்பப் போடச் சொல்றா. மற்றதுக்கு இன்னும் காதைப் பொத்திக்கிறா.