வானாயீனாவின் கணக்கு

போன மாதம் ஜார்ஜ் டவுனில் நண்பர் ஒருவரின் வீட்டு மாடியில் ஏழெட்டுப் பேர் கூடி, பா. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்' பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். கல்லூரி முடித்து இரண்டு வருடமான ஒரு தம்பி, புத்தகத்தைப் பாதியில் மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "காதல் கதைதானேண்ணே. பொண்ணோட அப்பா ஒத்துக்கல, முடிஞ்சிருச்சு. இதுக்கு எதுக்கு இவ்ளோ வட்டிக்கணக்கு?" எல்லோரும் சிரித்தோம். நானும்தான். அந்தக் கேள்விக்கு அப்போது என்னிடம் பதில் இல்லை. கூட்டம் முடிந்து லெபோ பினாங் வழியாகக் கார் நிறுத்திய இடத்துக்கு நடந்து போகும்போதுதான், வட்டிக்கணக்கை எடுத்துவிட்டால் அந்த நாவலில் மிச்சம் என்ன இருக்கும் என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

சிங்காரத்தைப் பற்றி இங்கே எல்லோருக்கும் ஓரளவு தெரியும். சிவகங்கைப் பக்கம் சிங்கம்புணரிக்காரர். 1938இல், 18 வயதில், சுமத்ராவின் மெடான் நகருக்கு வட்டிக்கடை வேலைக்குப் போனவர். போர் முடிந்து ஊர் திரும்பி, மதுரையில் 'தினத்தந்தி'யில் வேலை பார்த்து, தனிக்கட்டையாகவே வாழ்ந்து 1997இல் இறந்தார். எழுதியது இரண்டே நாவல்கள். 1950இல் எழுதிய 'கடலுக்கு அப்பால்' 1959இலும், 1962இல் எழுதிய 'புயலிலே ஒரு தோணி' 1972இலும்தான் புத்தகமாயின. இரண்டில் பெரிய நாவல் 'புயலிலே ஒரு தோணி' என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதன் மொழியும் அங்கதமும் அலைபாயும் மனவோட்டமும் முதல் நாவலில் கிடையாது. அதனாலேயே முதல் நாவலை ஒத்திகை மாதிரி புரட்டிவிட்டுப் போய்விடுகிறோம். ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் சின்ன நாவல் பெரியதைவிடக் கூர்மையானது என்று நினைக்கிறேன். ஒரு சமூகத்துக்குள்ளேயே நடக்கும் பேரத்தை அது பார்த்திருக்கும் விதம் அப்படி.

கதை சுருக்கமானது. பினாங்கில் வட்டிக்கடை வைத்திருக்கும் வயிரமுத்துப் பிள்ளையிடம் வேலை பார்த்தவன் செல்லையா. முதலாளியின் மகள் மரகதத்துக்கும் அவனுக்கும் காதல். ஜப்பானியர் காலத்தில் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்கிறான், படை கலைந்ததும் திரும்பி வருகிறான். பட்டாளத்துக்குப் போய் வந்தவன் வட்டித்தொழிலுக்கு ஆகமாட்டான் என்று முதலாளி முடிவு செய்கிறார். வேறொருவன் மாப்பிள்ளை ஆகிறான். அவ்வளவுதான்.

இதில் "அப்பா ஒத்துக்கல" என்ற சொல் சரியே இல்லை. அங்கே முடிவெடுப்பவர் அப்பா மட்டுமல்ல, வானாயீனா. வயிரமுத்துப் பிள்ளையை நாவலில் அப்படித்தான் அழைக்கிறார்கள். வட்டிக்கடைக்காரர்கள் தங்கள் விலாசத்தின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'மார்க்கா' வைத்துக்கொள்வார்கள். அந்த எழுத்துகளே கடைக்கும் பெயர், மனிதருக்கும் பெயர். ரசீதிலும் அதே பெயர், தெருவில் கூப்பிடுவதும் அதே பெயர். அப்பா என்கிற வயிரமுத்துப் பிள்ளை மகளின் முகத்தைப் பார்க்கலாம். வானாயீனா ஐந்தொகையைத்தான் பார்ப்பார். இரண்டு பேரும் ஒரே சட்டைக்குள் இருப்பதுதான் நாவலின் சிக்கல்.

அந்தத் தொழில் எப்படி நடந்தது என்று கொஞ்சம் தெரிந்தால்தான் இந்த நாவல் திறக்கும். பினாங்கு, சிங்கப்பூர், மெடான், ரங்கூன் என்று துறைமுக நகரங்களில் எல்லாம் வட்டிக்கடைகள் ஒரே தெருவில் அணைந்து கிடந்தன. பெரும்பாலும் செட்டியார்கள், அவர்களைப் பார்த்து அதே முறையில் தொழில் செய்த பிள்ளைமார் போன்றவர்களும் உண்டு. கிட்டங்கி என்பது நீண்ட கடைவீடு. ஒரே கூரைக்குக் கீழே பல மார்க்காக்கள். ஒவ்வொன்றுக்கும் தரையில் ஓர் இடம், ஒரு சாய்வுப் பெட்டி, ஓர் இரும்புப் பெட்டி, கணக்கு அலமாரி. பகலில் அங்கேயே தொழில், இரவில் அங்கேயே படுக்கை. பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் அடுத்தாளாகி, பிறகு மேலாளாவான். சம்பளச் சீட்டு எழுதிக்கொண்டு மூன்று வருடக் கணக்குக்குத் தனியாகக் கப்பல் ஏறி வருவான், கணக்கு முடிந்ததும் ஊர் போவான், மறுபடி வருவான். பெண்டாட்டி பிள்ளைகள் பெரும்பாலும் ஊரிலேயே. வானாயீனாவின் குடும்பம் பினாங்கில் இருப்பதே அந்த வழக்கத்துக்குக் கொஞ்சம் விலகியதுதான். மரகதம் ஊரில் இருந்திருந்தால் இந்தக் கதையே கிடையாது.

இப்படிப் பக்கத்துப் பக்கத்துப் பெட்டியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ரகசியம் என்று ஒன்று இருக்க முடியாது. யாருக்கு எவ்வளவு கொடுத்தார், எது வசூலாகவில்லை, யார் சீட்டு மாற்றி எழுதினார் எல்லாம் சாப்பாட்டு நேரத்துக்குள் தெரிந்துவிடும். பாங்கியில் கடன் வாங்கப் போகும் சீனத் தௌக்கேயிடம் சொத்துப் பத்திரம் கேட்பார்கள். இங்கே கேட்பது ஆள் எப்படி என்று. நம் மொழியில் காசுக்கும் நேர்மைக்கும் 'நாணயம்' என்று ஒரே சொல் இருப்பது இந்தத் தெருவில் நின்று பார்த்தால் வெறும் சிலேடையாகத் தெரியாது. 'கொடுக்கல் வாங்கல்' என்றால் கடனும்தான், குடும்ப உறவும்தான். விலையையும் 'பேசி முடிப்போம்', கல்யாணத்தையும் 'பேசி முடிப்போம்'. சிங்காரம் இதையெல்லாம் விளக்கவில்லை. அவர் பாத்திரங்கள் அந்த மொழியிலேயே யோசிக்கின்றன, அவ்வளவுதான்.

ஆகவே செல்லையாவை நிராகரிப்பதை நான் ஒரு கடன் மனு நிராகரிக்கப்படுவதாகத்தான் படிக்கிறேன். அவன் நல்லவன், நேர்மையானவன், கணக்குத் தெரிந்தவன். அதில் வானாயீனாவுக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மகளைக் கட்டுகிறவன்தான் நாளைக்குப் பெட்டியடியில் உட்காருவான். வசூலுக்குப் போகிற ஆள், கடன்காரன் வாசலில் வெயிலில் நிற்க வேண்டும். ஏச்சுப் பேச்சு கேட்டுவிட்டுச் சிரிக்க வேண்டும். நாளைக்கு வா என்றால் நாளைக்கு வர வேண்டும். துப்பாக்கி பிடித்து, ஆட்களுக்கு உத்தரவு போட்டுப் பழகியவன் முதுகு அப்படி வளையுமா? வானாயீனாவின் கேள்வி இதுதான். கேள்வி இரக்கமற்றது, ஆனால் முட்டாள்தனமானது இல்லை.

என் தாத்தா கடைத்தெருவில், அதாவது இப்போது லெபோ பசார் என்று பலகை வைத்திருக்கும் தெருவில், ஒரு மளிகை மொத்தக்கடையில் சிப்பந்தியாக இருந்தவர். யாரிடமும் "இல்லை" என்று சொல்லி நான் கேட்டதில்லை. கடன் கேட்டு வந்தவரிடமும், பேத்திக்கு வரன் கொண்டு வந்தவரிடமும் "பார்ப்போம்" என்பார். பாட்டி உள்ளேயிருந்து எங்களிடம் கிசுகிசுப்பார்: "பார்ப்போம்னா இல்லனு அர்த்தம்." இல்லை என்று சொன்னால் ஒரு வாடிக்கை போச்சு, ஓர் உறவும் போச்சு. சின்னத் தெருவில் நாளைக்கும் அதே முகத்தில்தான் விழித்தாக வேண்டும். இப்படிப்பட்ட இடத்தில் பேரம் என்பது விலையை இறக்குவதும் ஏற்றுவதும் மட்டுமல்ல, முறிக்காமல் மறுப்பது எப்படி என்பதும்தான். செல்லையா வானாயீனாவோடு சண்டை போட்டுக் கத்தியிருந்தால் நமக்கெல்லாம் திருப்தியாக இருந்திருக்கும். அவனும் பெட்டியடியில் வளர்ந்தவன். முதலாளியின் கணக்கு அவனுக்குப் புரிகிறது என்பதுதான் அவனுடைய தோல்வி.

காலத்தையும் மறக்கக் கூடாது. கதை நடக்கும் 1945இன் கடைசி மாதங்களில் பினாங்கு வணிகர்களுக்கு நேற்றைய பணம் இன்று காகிதம். ஜப்பானியரின் வாழைமர நோட்டு பிரிட்டிஷார் திரும்பியதும் செல்லாமல் போனது. போருக்கு முன் நல்ல வெள்ளியில் வாங்கிய கடனை வாழைமர நோட்டில் திருப்பிக் கொடுத்தவர்கள் இருந்தார்கள். அது அடைந்த கடனா, அடையாத கடனா என்ற தகராறைத் தீர்க்க 1948இல் மலாயாவில் தனிச் சட்டமே போட வேண்டி வந்தது. 1951இல் வட்டித்தொழிலுக்கே கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. தன் பேரேட்டில் இருக்கும் எழுத்தில் எது பணம் என்று தெரியாத ஒருவர் மாப்பிள்ளை தேடுகிறார். அவர் துணிச்சலான ஆளைத் தேடமாட்டார். பத்திரமான ஆளைத்தான் தேடுவார். சிங்காரம் இந்த நாவலை எழுதும்போது அந்தத் தெருவின் காலமே முடிந்துகொண்டிருந்தது. தனக்கு அடுத்து யார் உட்காருவது என்று வானாயீனா பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த இடம், இன்னும் கொஞ்ச வருடத்தில் உட்கார ஒன்றுமில்லாத இடமாகப் போகிறது. 1950இன் வாசகருக்கு இது எவ்வளவு தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. நமக்குத் தெரிகிறது, அதனால் வானாயீனாவின் நிதானம் இன்னும் கசப்பாக இருக்கிறது.

மலேசியத் தமிழ் இலக்கியம் இந்த மனிதரை எப்படி நடத்தியிருக்கிறது? நம்முடைய பெருங்கதை தோட்டம். கா. பெருமாளின் 'துயரப் பாதை'யிலிருந்து சீ. முத்துசாமியின் 'மண்புழுக்கள்' வரை, பால்மரக் காட்டில்தான் நம் வேர் இருக்கிறது என்று நம்புகிறோம். அதில் தவறில்லை, எண்ணிக்கையிலும் துயரத்திலும் அதுதான் பெரிது. ஆனால் நகரத்துக் கடைத் தமிழன் நம் கதைகளில் வந்தால் பெரும்பாலும் வில்லனாக வருகிறான். கையில் குடை, வாயில் வெற்றிலை, மனதில் வட்டி. அவனும் மூன்று வருடம் பெண்டாட்டி முகம் பார்க்காமல் பலகைத் தரையில் படுத்தவன் என்று யாரும் எழுதவில்லை. எழுதினால் தோட்டத்துக்குத் துரோகம் என்று ஒரு பயம் போல. சிங்காரம் வட்டித்தொழிலைப் புகழவில்லை, மன்னிக்கவும் இல்லை. உள்ளே இருந்து பார்த்தார். நம்மிடம் இல்லாதது அந்தப் பார்வைதான், போர்க்காட்சி எழுதும் திறமை இல்லை.

இவ்வளவு சொன்னபிறகு குறையையும் சொல்லிவிட வேண்டும். இந்தப் பேரத்தில் மரகதம்தான் பேசப்படும் பொருள், ஆனால் அவளுக்குப் பேச இடமில்லை. அந்தக் காலத்து வீட்டில் அப்படித்தான் இருந்தது என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் வீட்டுக்குள் அவள் என்ன கணக்குப் போட்டாள் என்று எட்டிப் பார்க்க நாவலாசிரியருக்கு எந்தத் தடையும் இல்லை. சிங்காரம் பார்க்கவில்லை. கடைக்குள் அவ்வளவு நுணுக்கமாகப் பார்த்தவரின் கண் சமையலறை வாசலில் மங்கிவிடுகிறது. அதேபோல, கடன் வாங்குகிறவனை நாம் பெட்டியடிக்கு இந்தப் பக்கத்திலிருந்துதான் பார்க்கிறோம். அவன் வீட்டுக்குப் போய் என்ன சொன்னான்? பினாங்கு போன்ற ஊரில் சீனரும் மலாய்க்காரரும் இல்லாமல் வட்டிக்கடை இல்லை, ஆனால் அவர்கள் பேரேட்டின் பெயர்களாகவே நின்றுவிடுகிறார்கள். செல்லையாவின் நண்பன் மாணிக்கம் பழைய இலக்கியத்தைத் துணைக்கு இழுத்து நீளமாகப் பேசும் இடங்களும் எனக்கு உவப்பில்லை. வானாயீனா ஒரு வரியில் முடித்ததை மாணிக்கம் பக்கக்கணக்கில் ஆற்றப் பார்க்கிறான். நம் கூட்டத்தில் பலருக்கு அந்தப் பகுதிதான் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது லெபோ பசாரில் நடந்தால் பட்டுச்சேலைக் கடை, நகைக்கடை, பணமாற்றுக்கடை, வாசலில் ஒலிபெருக்கி. உள்ளே துணி மடித்துக்கொண்டிருக்கும் பையன்களில் சிலர் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்து ஆட்கள். பெர்மிட்டில் வந்தவர்கள். கடைக்கு மேல்மாடியில் தங்கல், முறை வைத்துச் சமையல், குடும்பம் ஊரில், தவணை முடிந்தால் விமானம். சம்பளச் சீட்டுக்குப் பதில் ஏஜெண்டு போட்ட ஒப்பந்தம், அவ்வளவுதான் வித்தியாசம். தைப்பூசத்துக்கு முந்தின நாள் செட்டியார்களின் வெள்ளி ரதம் அந்தப் பக்கத்திலிருந்துதான் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் புறப்படும். அன்றைக்கு அந்தப் பையன்கள் கடை வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். நாம் அவர்களோடு சேலை விலை பேசியிருக்கிறோம். அவர்கள் முதலாளியோடு என்ன பேசுகிறார்கள் என்று யாரும் கேட்டதில்லை. உள்ளூர்க்காரர்களின் வேலையைக் கெடுக்க வந்தவர்கள் என்று முகநூலில் எழுதுகிறோம்.

அன்றைக்குச் சிரிக்க வைத்த தம்பிக்கு இதையெல்லாம் வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாக அனுப்பினேன், பதினொரு நிமிடம். மறுநாள்தான் கேட்டிருப்பார் போல. கூப்பிட்டார். "சரிண்ணே, ஒத்துக்கிறேன். ஆனா ஒண்ணு. செல்லையாவுக்குப் பதிலா மாப்பிள்ளையா ஒருத்தன வச்சாங்கல்ல, பட்டாளத்துக்குப் போகாம ஒழுங்கா கடையில இருந்தவன்? அன்னைக்கு ரெண்டு மணி நேரம் பேசுனோம். அவன் பேர யாராச்சும் சொன்னோமா?"

சொல்லவில்லை. எனக்கும் அந்த நேரத்தில் சட்டென்று நினைவுக்கு வரவில்லை. புத்தகத்தை எடுத்துப் புரட்டிக்கொண்டே, "பார்ப்போம்" என்றேன்.