யார் வீட்டுப் புகை இது?

பேயை வரைவது எளிது, நாயையும் குதிரையையும் வரைவதுதான் கஷ்டம் என்று ஓர் ஓவியர் அரசனிடம் சொன்னதாக ஹான் ஃபெய் என்ற பழைய சீன அறிஞர் எழுதிவைத்திருக்கிறார். பேயை யாரும் பார்த்ததில்லை. நாயோ நாள் முழுக்கக் கண்முன் திரிகிறது. போர்டு கேம் பெட்டிக்கு மாயக் கிராமம் வரைகிறவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். டிராகன் எப்படியும் தேறிவிடும். அதற்குக் கீழே இருக்கிற கூரையும் கிணறும் வேலியும் புகைபோக்கியும் காட்டிக்கொடுத்துவிடும்.

எனக்குத் தெரிந்த இளம் ஓவியர் ஒருவர் அப்படி ஒரு பெட்டிக்கான படத்தை, முடிப்பதற்கு முன் சிலரிடம் காட்டிக் கருத்துக் கேட்டார். அந்தி வெளிச்சம், மலைச்சரிவு, காளான் குடை போன்ற கூரைகள், நடுவே ஓடை, ஓடைக்கரையில் தண்ணீர்ச் சக்கரம் வைத்த மாவு மில். நிறங்கள் ஆளை அப்படியே இழுத்தன. வந்த பதில்களில் பெரும்பாலானவை ‘சூப்பர்’, ‘செம’ ரகம். ஒருவர் மட்டும் நெடுநேரம் பார்த்துவிட்டு, “இந்தச் சக்கரம் எப்படிச் சுத்தும்?” என்று கேட்டார்.

அப்போதுதான் எல்லோரும் பார்த்தோம். சக்கரத்தின் அடிவிளிம்பு ஓடையைத் தொடவே இல்லை. மேலிருந்து தண்ணீர் கொண்டுவந்து ஊற்றும் மரக்கால்வாயும் இல்லை. அவர் விடவில்லை. எல்லா வீட்டிலும் புகை போகிறது, ஊரில் ஒரு கட்டு விறகைக்கூடக் காணோமே? பாதை அழகாக வளைந்து போகிறது, ஆனால் எந்த வாசலுக்கும் போகவில்லையே? வரைந்தவருக்கு முகம் சுண்டிவிட்டது. இது மாய உலகம்தானே, எதற்கு இவ்வளவு கணக்கு என்று முனகினார்.

ஆனால் திருத்தியபோது நடந்ததுதான் ரசிக்க வேண்டியது. சரிவின் உச்சியிலிருந்து சக்கரத்தின் தலைக்கு ஒரு மரக்கால்வாய் இறக்கினார். படத்தின் இடது மேல்மூலையில் தொடங்கிய அந்தச் சாய்கோடு, கண்ணைக் கையைப் பிடித்து மில்லுக்கு அழைத்துப் போனது. அதுவரை ‘படத்தில் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை’ என்று பொதுவாக ஒரு குறை இருந்தது, அதுவும் தீர்ந்தது. பாதையை மில் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். புகையை ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் விட்டார். உடனே அந்த வீட்டில் யாரோ சமைக்கிறார்கள் என்று ஆனது. பிழைப்பைப் பற்றிக் கேட்ட கேள்விகள் கம்போசிஷனைச் சரிசெய்துவிட்டன. இரண்டும் வேறு வேறு என்று நினைக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

இந்த வகை ஓவியத்துக்கு மூத்த முன்னோடி என்று நான் கொண்டாடுவது பீட்டர் புரூகலை. 1565இல் அவர் வரைந்த ‘பனியில் வேட்டைக்காரர்கள்’ வியன்னாவின் குன்ஸ்ட்ஹிஸ்டோரிஷஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மூன்று வேட்டைக்காரர்கள் நமக்கு முதுகைக் காட்டியபடி, நாய்கள் தலை தொங்க, சரிவின் விளிம்பில் நடக்கிறார்கள். இத்தனை ஆளுக்கும் நாய்க்கும் கிடைத்தது ஒருவர் தோளில் தொங்கும் ஒற்றை நரி. இடதுபுறம் ஒரு சத்திரம். அதன் பெயர்ப்பலகை ஒரு கொக்கி கழன்று தொங்குகிறது. வாசலில் நெருப்பு மூட்டி, பன்றியின் மயிரைப் பொசுக்கத் தயாராகிறார்கள். கீழே குளம் உறைந்துவிட்டதால் ஊர்ப்பிள்ளைகள் சறுக்கி விளையாடுகிறார்கள். வலது ஓரத்தில் மில் சக்கரம் பனிக்கட்டியாய் உறைந்து நிற்கிறது; பக்கத்துப் பாலத்தில் ஒருத்தி விறகுக் கட்டோடு போகிறாள். தொலைவில் ஒரு வீட்டுப் புகைபோக்கி தீப்பிடித்துவிட, அணைக்க ஏணி வைத்து ஏறுகிறார்கள். இது எறும்பளவில்தான் தெரியும். தெரிந்தபின் கண் அங்கேயே போய்க்கொண்டிருக்கும்.

இப்போது அந்த மலைகளைப் பாருங்கள். வீடுகள் நெதர்லாந்து நாட்டு வீடுகள். அது தட்டை நிலம். அப்படிப்பட்ட செங்குத்துப் பாறை அங்கே கிடையாது. புரூகல் இத்தாலிக்குப் போய்வந்த வழியில் ஆல்ப்ஸ் மலையைப் பார்த்திருந்தார். அதைத் தூக்கிவந்து தன் ஊருக்குப் பின்னால் நட்டுவிட்டார். ஆக, இதுவும் மாயக் கிராமம்தான். ஒரே ஒரு பொய் சொல்கிறார், மிகப் பெரிய பொய். அதைத் தாங்குவதற்கு விறகு, பன்றி, கழன்ற கொக்கி என்று சின்னச் சின்ன நிஜங்களை அண்டக்கொடுக்கிறார். இன்றைய பெட்டி ஓவியங்கள் பலவும் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. கூரையும் மாயம், மரமும் மாயம், விளக்கும் மாயம். கால் ஊன்ற இடமில்லை. அமெரிக்க ஓவியர் தாமஸ் கிங்கேடின் குடிசைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எல்லா ஜன்னலிலும் மஞ்சள் வெளிச்சம் பொங்கும். அந்த வீடுகளில் ஆள் இருப்பதாக ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை.

கூரையின் சாய்வு அந்த ஊரின் மழையையும் பனியையும் சொல்லிவிடும். அதனால் கருத்துச் சொல்கிறவர்கள் முதலில் கூரையைப் பார்ப்பார்கள். ‘இந்தக் கூரை இந்த ஊருக்கு ஒட்டுமா?’ என்ற அந்தக் கேள்வி எல்லா நேரமும் ஜெயிக்காது என்பதற்குத் தெற்குப் பிரான்ஸின் கார்கசோன் கோட்டை சாட்சி. 19ஆம் நூற்றாண்டில் அதைப் புதுப்பித்த கட்டடக் கலைஞர் வியோலே-லெ-துக், கோபுரங்களுக்குக் கூம்பு வடிவத்தில் கற்பலகைக் கூரை போட்டார். இது வடக்கத்திப் பாணி, வெயில் காயும் இந்தப் பக்கத்துக்கு ஒட்டாது என்று கண்டனம் எழுந்தது. கண்டித்தவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் இன்று கார்கசோன் என்றதும் உலகத்தின் கண்முன் வருவது அந்தக் கூம்புகள்தான். அதே ஊரின் பெயரில் 2000இல் கிளவுஸ்-யூர்கன் விரேடே உருவாக்கிய போர்டு கேமுக்கு டோரிஸ் மத்தேயுஸ் படம் வரைந்தார். உள்ளங்கைக்குள் அடங்கும் சதுரச் சில்லுகளில் மதிலும் வீடுகளும் சாலையும் வயலும். விளிம்புகள் பொருந்தும்படி எப்படிச் சேர்த்தாலும் ஓர் ஊர் எழும். அந்த விளையாட்டு 2001இல் ஜெர்மனியின் ‘ஷ்பீல் டெஸ் யாரெஸ்’ விருதைப் பெற்றது.

பெட்டி என்பது சுவரில் மாட்டும் சித்திரம் அல்ல. முகப்பு பெரும்பாலும் பக்கத்துக்கு 30 செ.மீ. அளவிலான சதுரம். கிராமமோ இயல்பிலேயே அகலமாகப் பரந்து கிடப்பது. அதைச் சதுரத்துக்குள் அடக்க வேண்டுமென்றால் மலைச்சரிவு ஏற வேண்டும், அல்லது பறவைக் கண்ணால் மேலிருந்து பார்க்க வேண்டும். மேலே தலைப்புக்கு இடம் விட வேண்டும். அந்த வானத்தில் கிளை, கொடி, பறவை என்று நிரப்பினால் எழுத்து மூழ்கிவிடும். பெட்டியின் பக்கவாட்டில் மடியும் ஓரத்தில் முக்கியமான எதையும் வைக்கக் கூடாது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் வெளிச்சமும் இருட்டும் இரண்டு மூன்று திட்டுகளாகப் பிரிய வேண்டும். படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்ப்பது, கண்ணாடியில் காட்டிப் பார்ப்பது, தபால்தலை அளவுக்குச் சுருக்கிப் பார்ப்பது எல்லாம் பழகிய கைகள் அன்றாடம் செய்கிறவை.

பெட்டியைத் திறந்தால் உள்ளே விரியும் பலகையையும் ஊராக்குவதில் கைதேர்ந்தவர் என்று ஜெர்மன் ஓவியர் மிஹாயேல் மென்செலைச் சொல்வேன். 2008இல் வந்த ‘ஸ்டோன் ஏஜ்’ விளையாட்டின் பலகையை அவர் வரைந்தார். கற்கால ஊர். கருவி செய்யும் இடம், வயல், இருவர் சேர்ந்து போனால் ஊருக்கு ஓர் ஆள் கூடும் குடிசை என்று படத்தின் ஒவ்வொரு மூலைக்கும் ஆட்டத்தில் ஒரு வேலை உண்டு. காய் வைக்கும் இடம் என்று தனியாகத் துருத்தாமல் அது ஊராகவே இருக்கிறது. பிறகு ‘ஆண்டோர்’ விளையாட்டை அவரே வடிவமைத்து அவரே வரைந்தார். 2012இல் வெளியாகி அடுத்த ஆண்டே, தேர்ந்த ஆட்டக்காரர்களுக்கான விளையாட்டுக்குத் தரும் ‘கென்னர்ஷ்பீல்’ விருது பெற்றது. ஆட்டக்காரர் எங்கே கை வைப்பார் என்று தெரிந்தவர் வரைகிறபோது அலங்காரத்துக்கு என்று எதுவும் மிஞ்சுவதில்லை.

ஆகவே, படத்தை நீட்டி ‘எப்படி இருக்கிறது?’ என்று கேட்காதீர்கள். பாராட்டு வரும், பயன் இருக்காது. ‘இந்த ஊரில் யார் இருக்கிறார்கள், என்ன செய்து பிழைக்கிறார்கள், எந்த வீட்டுக்கு முதலில் போவீர்கள்?’ என்று கேளுங்கள். பார்ப்பவர் திணறினால் குறை படத்தில் இருக்கிறது. அதற்கு முன், பென்சிலை எடுக்கும் முன்பே, புரூகலின் அந்தப் பனிக்காலத்தோடு ஒரு மாலை உட்காருங்கள். வியன்னா போக வேண்டாம். அருங்காட்சியகமே அதைப் பெரிதாக்கிப் பார்க்கும்படி இணையத்தில் இலவசமாகத் தந்திருக்கிறது.