புளியமரமும் நகராட்சியும்

‘ஒரு புளியமரத்தின் கதை’யைப் பற்றி யார் பேசினாலும் மரத்தில்தான் தொடங்குகிறார்கள். மரம்னா இயற்கை, மரம்னா மரபு, மரம்னா மௌன சாட்சி. எஸ்.பி.எம். இலக்கியத் தாளில் இப்படி எழுதி மதிப்பெண் வாங்கிடலாம். ஆனா 1966ல் புத்தகமாக வந்த ஒரு நாவலை இன்னும் சலிக்காமல் படிக்க இந்தக் குறியீடு மட்டும் போதாது. மூன்றாவது தடவை படித்து முடித்தபோது எனக்குத் தோன்றியது, சுந்தர ராமசாமிக்கு மரத்தைவிட அதைச் சுற்றியிருந்த ஊர்மேலதான் கண் என்று. ரொம்பப் பெரிசும் இல்லாத, சின்னதும் இல்லாத ஓர் ஊர் எப்படி முடிவெடுக்கிறது, யாரை நம்புகிறது, எதை மறக்கிறது என்பதுதான் கதை. மரம் அந்த ஊரின் நடுவே நிற்கிறது, அவ்வளவே.

அந்த ஊர் நாகர்கோவில் என்பது வாசகர்களுக்குத் தெரிந்த விஷயம். திருவிதாங்கூர் ராஜ்யத்தில் இருந்த ஊர். 1956 நவம்பர் 1ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டத்தோடு சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்தது. அடுத்த சில வருஷங்களில், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள், ‘சரஸ்வதி’ இதழில் இந்த நாவலின் ஆரம்ப அத்தியாயங்கள் வெளிவந்தன. ஆட்சி மாறிய சூடு ஆறுவதற்குள் எழுத உட்கார்ந்திருக்கிறார். 2011 கணக்கெடுப்பில் சுமார் இரண்டேகால் லட்சம் பேர் இருந்த நாகர்கோவில், 2019ல்தான் மாநகராட்சி ஆனது. நாவலில் அது இன்னும் எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்த ஊர்.

நாவலில் மூன்று அழிவுகள் நடக்கின்றன. முதலில் மரத்தைச் சுற்றியிருந்த குளம் போகிறது. மகாராஜாவின் வருகைதான் காரணம். அப்புறம் காற்றாடி மரத் தோப்பு போய் அந்த இடத்தில் பூங்கா வருகிறது. மரங்களை வெட்டிவிட்டுச் செடி நடுவது எதற்கு என்று புரியாமல் ஊர்க்காரர்கள் பேசிக்கொள்ளும் இடத்தைப் படித்தவர்கள் மறக்க மாட்டார்கள். கடைசியில் புளியமரம். குளத்துக்கு ராஜா போதும். தோப்புக்குப் புதிய சர்க்காரும் அதன் முன்னேற்ற ஆசையும் வேண்டியிருந்தது. மரத்துக்கோ ஊரே வேண்டியிருக்கிறது: தாமு, அப்துல் காதர் என்ற இரண்டு வியாபாரிகளின் போட்டி, இசக்கியின் பத்திரிகை எழுத்து, நகராட்சித் தேர்தல், நடுவே திடீரென்று மரத்துக்குக் கிடைக்கும் தெய்வப் பதவி. அதிகாரம் ஒரு கையிலிருந்து பல கைகளுக்குப் போகப் போக, ஒரு மரத்தைச் சாய்க்கக்கூட எவ்வளவு பேர் கூட வேண்டியிருக்கு பாருங்க!

கதை சொல்கிறவரும் இதோடு சேர்ந்து மாறுகிறார் என்பதை அதிகம் பேர் கவனிப்பதில்லை. ராஜா காலத்துக் கதைகளைத் தாமோதர ஆசான் வாயால் கேட்கிறோம். எது நடந்தது, எது அவர் கட்டியது என்று பிரித்துப் பார்க்க இளவட்டங்களுக்கும் விருப்பமில்லை, நமக்கும் இல்லை. ஆசான் காணாமல் போன பிறகு அந்த இடத்துக்குச் செய்தித்தாள் வந்துவிடுகிறது. இசக்கி எழுதுவதிலும் கட்டுக்கதை உண்டு. ஆனால் அது அச்சில் வருகிறது, ஓட்டாக மாறுகிறது. வாய்க்கதை செய்தியான கதை இது. சுதந்திரத்துக்குப் பிந்தைய ஓர் இந்திய நகரத்தைப் பற்றி இவ்வளவு கூர்மையாகச் சொன்ன தமிழ் நாவல் எனக்கு வேறு தெரியாது.

குறை இல்லையா? இருக்கு. ஆசான் போனதும் நாவலின் மூச்சு பாதியாகிவிடுகிறது. பின்பாதியில் ஆசிரியர் மனிதர்களைக் கிண்டல் செய்யத் தொடங்குகிறார். சிரிக்கிறோம், ஆனால் தாமுவும் காதரும் கேலிச்சித்திரத்தின் ஓரத்துக்குப் போய்விடுகிறார்கள். பெண்கள் ஆசானின் கதைகளுக்குள்தான் உயிரோடு இருக்கிறார்கள், கடைத்தெருவில் இல்லை. மரத்துக்கு விஷம் வைக்கும் கை ஒரு கூலிக்காரனின் கை. வியாபாரிகளின் கணக்கைப் பக்கம் பக்கமாகச் சொல்லும் நாவல், அவன் வாங்கிய கூலி அவன் வீட்டில் என்ன ஆனது என்று கேட்பதில்லை. தோட்டத்திலிருந்து வந்த குடும்பத்து ஆள் நான். எனக்கு இது உறுத்துகிறது.

இதைப் பாகான் டத்தோவில் உட்கார்ந்து படிக்கும்போது வேறொரு விஷயமும் உறுத்துகிறது. நம்ம நாவல்களில் தோட்டம் இருக்கிறது. லயம், துரை, கிராணி, மண்டோர், பால்மரம், சயாம் ரயில், எல்லாம் இருக்கு. ஆனால் தோட்டத்தில் முடிவெடுப்பது ஒரே ஆள், துரை. அதனால் தோட்ட நாவலின் கதை பெரும்பாலும் உத்தரவாலும் வெளியேற்றத்தாலும்தான் நகர்கிறது. நகரத்துக் கதைக்குப் பேரம் வேண்டும், வதந்தி வேண்டும், காப்பிக்கடைச் சண்டை வேண்டும். தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தாமான்களுக்கு வந்து எத்தனை வருஷம் ஆச்சு? ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யில் மேடானும் பினாங்கும் கடைத்தெரு வாசனையோடு இருக்கின்றன, ஆனால் அது போர்க்காலத்தில் கடந்துபோகிறவனின் கண். ம. நவீனின் ‘சிகண்டி’யில் சௌகிட் இருக்கிறது, சரி, அது கோலாலம்பூர். ஈப்போவுக்கும் தெலுக் இந்தானுக்கும், நான் படித்த வரையில், அப்படி ஒரு நாவல் இல்லை. தெலுக் இந்தானின் சாய்ந்த கோபுரத்தை லியோங் சூன் சோங் 1885ல் கட்டினார். தண்ணீர்த் தொட்டியும் கடிகாரமும் சேர்ந்த கட்டடம். ஆசான் மாதிரி ஒருவர் கதை சொல்ல அதைவிட நல்ல இடம் எது?

எழுத்தாளர்களை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. புளியமரத்தின் கதை நகராட்சித் தேர்தல் இல்லாமல் நகராது. மலேசியாவில் ஊராட்சித் தேர்தலை 1965ல் நிறுத்தினார்கள், 1976 சட்டம் அதை முழுசாகவே எடுத்துவிட்டது. வேலைக்காகச் சாலை வரைபடங்கள் பார்க்கிறவன் நான். அதில் மரம் ஒரு சின்ன வட்டம். அந்த வட்டத்தை அழிக்கலாமா வேண்டாமா என்று தெருவில் இருக்கிற யாரும் ஓட்டுப் போட்டதில்லை. ஊர் முடிவெடுக்காத இடத்தில் ஊர் நாவலை எங்கிருந்து தொடங்குவது?

ஆனாலும் ஒரு காலம் இருந்தது. 1950களின் இறுதியில் டி.ஆர். சீனிவாசகத்தின் மக்கள் முற்போக்குக் கட்சி ஈப்போ நகராண்மைக் கழகத்தை வென்று நடத்தியது. வழக்கறிஞர், நல்ல பேச்சாளர், 1969ல் இறந்தார். இன்று ஈப்போவில் அவர் பெயரில் ஒரு பூங்கா இருக்கிறது. காற்றாடித் தோப்புக் கதை படித்தவனுக்குப் பூங்கா என்ற சொல்லே சிரிப்பை வரவழைக்கிறது. அந்தப் பத்து வருஷத்தில் அந்தக் கழகக் கூட்டங்களில் யார் யாரைக் கவிழ்த்தார்கள், எந்தக் கடைக்காரர் எந்தப் பக்கம், எந்தப் பத்திரிகை என்ன எழுதியது? எழுதக்கூடிய நாவல் அங்கே கிடக்கிறது. ஊரின் பெயரே ஒரு மரத்தின் பெயர்தான். ஓராங் அஸ்லி ஊதுகுழல் அம்புகளில் தடவும் விஷப்பால் அந்த மரத்திலிருந்து வருவது. ரயில் நிலையத்துக்கு எதிரே ஒன்றை வைத்து வளர்க்கிறார்கள். அதன் கீழே நின்று போன் பார்க்கிறவர்களிடம் இது என்ன மரம் என்று கேட்டுப் பாருங்கள்.