குழாயின் மறுமுனை

வெந்நீர்த் தொட்டி சூடேறவில்லை என்றதும் வேலை புரியாதவரின் கை நேராக ஸ்டீம் வால்வுக்குப் போகும். இன்னும் கொஞ்சம் திற, இன்னும் கொஞ்சம். கைதேர்ந்த ஃபிட்டரோ வால்வைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தொட்டியைச் சுற்றிப் போய், நீர் வெளியேறும் பக்கத்தில் குனிந்து உட்காருவார். பழுது பார்ப்பதையும் ஒரு கலையாக ரசிக்கலாம் என்று எனக்குக் காட்டியது அந்தக் குனிதல்தான்.

ஜொகூரில் இதைப் பார்க்கச் செம்பனை எண்ணெய் மில்லுக்குப் போக வேண்டும். கூலாய், குளுவாங், கோத்தா திங்கி என எங்கு போனாலும் கதை ஒன்றுதான். பழ நாரையும் கொட்டை ஓட்டையும் தின்று பாய்லர் எரிகிறது. சுமார் 20 பார் அழுத்தத்தில் கிளம்பும் ஆவி டர்பைனைச் சுழற்றி மின்சாரம் தந்துவிட்டு, 3 பாராக இறங்கி மற்ற வேலைகளுக்கு வருகிறது. குலை வேகவைப்பது, எண்ணெயைச் சூடு ஆறாமல் வைப்பது, வெந்நீர் போடுவது எல்லாம் அதில்தான். பிழிந்த எண்ணெயில் 90 டிகிரி வெந்நீரைக் கலந்தால்தான் கசடு ஒழுங்காகப் பிரியும். நீர் ஆறினால் எண்ணெய் கசடோடு சேர்ந்து கழிவுக்குப் போகும். காசு போகும் வழி அது.

சில இடங்களில் ஆவியை நேராக நீருக்குள்ளேயே விட்டுவிடுவார்கள். தடதடவென்று அதிரும், சூடாகும், ரசிக்க ஒன்றுமில்லை. அழகெல்லாம் சுருள்குழாய் போட்ட தொட்டியில்.

3 பார் ஆவி ஒரு கிலோ, நீராக மாறும்போது ஏறத்தாழ 2,130 கிலோஜூல் வெப்பத்தைக் கொடுத்துவிடுகிறது. அந்த நீர் 144 டிகிரியிலிருந்து 90 வரை ஆறும்போது கொடுப்பது 230கூட இல்லை. சூட்டைக் கொடுத்து முடித்த நீர் உடனே வெளியேறாவிட்டால் அடுத்த ஆவிக்கு உள்ளே இடமில்லை. அதை வெளியேற்றி ஆவியை மட்டும் தடுத்து நிறுத்துவது ஸ்டீம் டிராப். ஃபிட்டர் குனிவது அதைக் கேட்கத்தான்.

ஆமாம், கேட்க. நீண்ட ஸ்க்ரூடிரைவரின் முனையை டிராப் மீது ஊன்றி, பிடியைக் காதில் வைக்கிறார். தட்டு வகை டிராப் என்றால் ‘டக்’ என்று மூடி, சற்று இளைப்பாறி, மறுபடி திறக்க வேண்டும். தவில்காரர் காலப்பிரமாணம் பிடிப்பதுபோல அந்த இடைவெளியைப் பிடித்துக்கொள்கிறார். இடைவெளியே இல்லாமல் படபடத்தால் தட்டு தேய்ந்துவிட்டது. சத்தமே இல்லாமல் குழாய் ஆறிக்கிடந்தால் வடிகட்டி அடைத்திருக்கும், அல்லது உள்ளே காற்று சிக்கியிருக்கும்.

கண்ணுக்கும் வேலை உண்டு. டிராப் வாயிலிருந்து வெள்ளையாகப் புகைவதெல்லாம் வீணாகும் ஆவி என்று பதறக்கூடாது. 3 பாரிலிருந்து வெளிக்காற்றுக்கு வரும் கொதிநீரில் 100க்கு 8 பங்கு தானாகவே ஆவியாகிவிடும். அது சோம்பலாகச் சுருண்டு எழும். ஒழுகும் ஆவி சீறிக்கொண்டு வரும். வாயை ஒட்டிய கொஞ்ச தூரத்துக்குக் கண்ணுக்கே தெரியாது. கையில் பிடிக்கும் வெப்பமானிகள் இங்கே அடிக்கடி ஏமாற்றும், ஏனென்றால் டிராப் வாயில் ஆவியும் கொதிநீரும் கிட்டத்தட்ட ஒரே சூட்டில் இருக்கும்.

நல்ல ஃபிட்டரை வெறும் ஃபிட்டரிடமிருந்து பிரித்துக் காட்டும் பழுது ஒன்று உண்டு. காலையில் பச்சைத் தண்ணீரைத் தொட்டி சமர்த்தாகச் சூடாக்கும். 80 டிகிரியைத் தாண்டியதும் மூச்சு வாங்கும். குழாய் ‘டங் டங்’ என்று அடிக்கும். டிராப்பை மாற்றினாலும் அதே நோய். குற்றம் டிராப்பில் இல்லை. நீர் சூடேறியதும் கட்டுப்பாட்டு வால்வு ஆவியைச் சுருக்குகிறது. சுருளுக்குள் அழுத்தம் இறங்குகிறது. வெளியேறும் குழாயோ தொட்டிக்கு மேலே ஏறிப் போகிறது. 5 மீட்டர் ஏற அரை பார் அழுத்தமாவது வேண்டும். அது இல்லாததால் நீர் உள்ளேயே தேங்குகிறது. இதைக் கண்டவர் புது டிராப் கேட்கமாட்டார். சுருளுக்குள் வெற்றிடம் உண்டாகாமல் காற்றை உள்ளே விடும் சின்ன வால்வு ஒன்றைப் பொருத்தி, நீர் தானாகக் கீழே வடியும்படி குழாயைத் திருப்பச் சொல்வார்.

அதற்கு மில் நிற்கவேண்டும். மேலிடம் எளிதில் சம்மதிக்காது. அதுவரை இரவு ஷிஃப்டில் யாராவது, டிராப்பைச் சுற்றிப் போகும் பைபாஸ் வால்வைத் திறந்துவிடுவார்கள். தொட்டி உடனே கொதிக்கும், உண்மைதான். ஆனால் ஆவி நேராகத் திரும்பு குழாய்க்குள் பாய்ந்து, அதில் சேர்ந்திருக்கும் மற்ற டிராப்புகளையும் திணறவைக்கும். பைபாஸின் கைச்சக்கரத்தைக் கழற்றித் தன் கருவிப்பெட்டியில் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகும் ஃபிட்டரைச் சண்டைக்காரர் என்பார்கள். நான் அவர் பக்கம்.