ஓயாமல் ஓடும் ஒரு வினைச்சொல்

ஆங்கிலத்தில் 'ரன்' என்றால் ஓடு. பள்ளிக்கூடத்தில் அவ்வளவோடு விட்டுவிடுவார்கள். ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான பீட்டர் கில்லிவரால் அப்படி விட முடியவில்லை. இந்த ஒரு வினைச்சொல்லைத் திருத்தி எழுத அவருக்கு ஏறக்குறைய 9 மாதங்கள் பிடித்தன. கடைசியில் தேறிய பொருள்கள் 645!

1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் மிக நீளமான பதிவு 'செட்' என்ற வினைக்குத்தான். பிறகு அது 'ரன்'னுக்குப் பின்தங்கிவிட்டது.

காலால் ஓடுவதில் பெரிதாகச் சரக்கில்லை. கால் இல்லாதவை ஓடத் தொடங்கியபோதுதான் இந்தச் சொல்லுக்கு வாழ்வு வந்தது. ஆறு, மூக்கு, ரயில், இயந்திரம், கணினி நிரல் எல்லாமே அங்கே 'ரன்' ஆகின்றன. கடை நடத்துவதும், குளியல் தொட்டிக்குத் தண்ணீர் திறந்துவிடுவதும், காய்ச்சல் அடிப்பதும், துணியில் சாயம் போவதும் அதே வினைதான். அமெரிக்க வேட்பாளர் தேர்தலில் 'ரன்' செய்கிறார். பிரிட்டன்காரர் 'ஸ்டாண்ட்' செய்கிறார். நம்மூர் வேட்பாளரும் நிற்கிற கட்சிதான்.

பின்னால் ஒட்டும் சிறுசொற்கள்தான் கற்பவரைப் படுத்தி எடுப்பவை. 'இன்டு' சேர்ந்தால் தற்செயலாக எதிர்ப்படுவது. 'அவுட் ஆஃப்' சேர்ந்தால் வீட்டில் பால் தீர்ந்துபோவது.

தமிழருக்கு இது அவ்வளவு அந்நியமும் இல்லை. இங்கேயும் படம் ஓடுகிறது, மோட்டார் ஓடுகிறது, பிழைப்பும் ஏதோ ஓடுகிறது. ஆகவே, 645ஐயும் மனப்பாடம் செய்ய வேண்டாம். பக்கத்தில் நிற்கும் சொல்லைப் பாருங்கள், பெரும்பாலும் பொருள் பிடிபட்டுவிடும்.