பயன் போன பிறகு

உருவம் பயனைப் பின்தொடர்கிறது என்று 1896இல் எழுதியவர் லூயி சல்லிவன். சிகாகோவின் பெரிய வேலைகள் கைநழுவியபின் சிற்றூர் வங்கிகள்தாம் அவருக்கு எஞ்சின. ஒஹையோ மாநிலத்து நியூவர்க்கில், வீட்டுக்கடன் சங்கம் ஒன்றுக்காக 1914இல் அவர் வடிவமைத்த இரண்டடுக்குக் கட்டிடம் பின்னால் இறைச்சிக்கடையாயிற்று, நகைக்கடையாயிற்று, ஐஸ்கிரீம் கடையும் ஆயிற்று. 1924இல் வறுமையில் இறந்த சல்லிவன் இதையெல்லாம் பார்க்கவில்லை. சாம்பல்பச்சைச் சுடுமண் பலகைகளும் மொசைக்கும் மட்டும் நின்றன.

உள்ளடக்கம் போனால் உருவம் வெறும் கூடு என்று கவிதை விஷயத்தில் நான் வாதாடியதுண்டு. அதை இப்போது திரும்பப் பெறுகிறேன். இன்று கட்டிடத்தைப் புதுப்பித்து வருகையாளர் மையமாக்கியிருக்கிறார்கள், உருவமே பயனாகிவிட்டது. எனக்கென்னவோ இறைச்சிக்கடை நாட்களே முக்கியமாகப் படுகின்றன. யாரும் அண்ணாந்து பார்க்காதபோதும் அது நின்றது.